வந்தியத்தேவனுக்கு எதற்கு ஹிட் பாயிண்ட்?

எங்கள் மயூர் விஹார் குடியிருப்பில் பிள்ளைகளை வைத்து ரோல்பிளேயிங் கேம் ஆட ஆசைப்படும் தமிழ் அப்பாக்கள் இப்போது மூன்று பேர். மூவரும் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தானே சார்?" ஏன் சார், ஊரில் வேறு கடையே இல்லையா?

தெரியாதவர்களுக்கு: ஒருவர் கதை சொல்வார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். "இப்ப நீ என்ன பண்றே?" என்று கேட்டால் வாயைத் திறந்து பதில் சொல்லியாக வேண்டும். பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். வீட்டிலும் இந்தியிலேயே பேசித் திரியும் பிள்ளைகளை இரண்டு மணி நேரம் தமிழ் பேச வைக்க இதைவிட நல்ல வழி நான் பார்க்கவில்லை. அதனால்தான் போன குளிர்கால லீவில் பொன்னியின் செல்வனையே ஆட்டமாக்கினேன். நானும் முதலில் எடுத்தது டி அண்ட் டிதான், ஒத்துக்கொள்கிறேன்.

கடம்பூர் மாளிகை. ராத்திரி. சிற்றரசர்கள் கூடிச் சதி பேசுகிறார்கள். கல்கியின் வந்தியத்தேவன் ஒளிந்திருந்து கேட்பான். எங்கள் வீட்டு வந்தியத்தேவன் (என் மகள், வயது 12) "அட்டாக்!" என்றாள். ஒன்றரை மணி நேரம் சண்டை. அதில் பேசிய தமிழ் மொத்தமே "நான் அடிக்கிறேன்", "எனக்கு எவ்வளவு போச்சு?" அவ்வளவுதான்.

அவளைத் திட்ட மாட்டேன். அவள் கையில் இருந்த தாளில் ஹிட் பாயிண்ட், ஆர்மர் கிளாஸ், வாள் வீச்சுக்கு எத்தனை சேதம் என்றுதான் இருந்தது. கையில் கத்தியைக் கொடுத்துவிட்டு ஏன் வெட்டினாய் என்று கேட்பதா? 1971-ல் வந்த 'செயின்மெயில்' என்ற பொம்மைப் படைப் போர் விளையாட்டிலிருந்து முளைத்து, 1974-ல் வெளியானது டி அண்ட் டி. 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பிலும் பாத்திரத்துக்குக் கிடைக்கும் திறமைகளில் பெரும்பாலானவை சண்டைக்குத்தான். குணம், குறை எழுதவும் இடம் உண்டு, இலையோரத்து ஊறுகாய் மாதிரி.

"விதி எதுவானால் என்ன, கதை சொல்றவர் கெட்டிக்காரரா இருந்தா போதும்" என்கிறார் மாடி வீட்டு நண்பர். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். மில் கட்ட வந்தவருக்கு ஓவர்டிராஃப்டைக் கொடுத்துவிட்டு, மேனேஜர் கெட்டிக்காரர், சமாளிப்பார் என்றால் அந்தக் கணக்கு வாராக்கடனில்தான் போய் நிற்கும்.

அடுத்த வாரம் 'ஃபேட் ஆக்ஸிலரேட்டட்'டுக்கு மாறினேன். 2013-ல் வந்த சின்னப் புத்தகம். விதிகள் இணையத்தில் இலவசம். ஃபேட் என்றாலே விதிதான், ரூல் என்றாலும் விதிதான், தமிழுக்கு வசதி :-) சிறப்புப் பகடையும் வேண்டாம், நாலு சாதாரணப் பகடை போதும். 1, 2 விழுந்தால் ஒன்று கழித்தல், 5, 6 விழுந்தால் ஒன்று கூட்டல், நடுவில் உள்ளவை பூஜ்யம். திறமைகளும் ஆறே: கவனம், சாமர்த்தியம், பகட்டு, முரட்டுத்தனம், வேகம், கள்ளத்தனம்.

முக்கியமான சமாச்சாரம் இதில்தான். பாத்திரத்தின் குணத்தை ஒரு வரியில் எழுத வேண்டும். மகள் எழுதியது: "வாய் சும்மா இருக்காது." அந்த வாயால் அவள் வம்பில் மாட்டச் சம்மதித்தால் ஒரு ஃபேட் பாயிண்ட் கிடைக்கும். பிறகு இக்கட்டான நேரத்தில் அதைச் செலவழித்தால் பகடையில் 2 கூட்டிக்கொள்ளலாம். வாயால் கெட்டு, வாயாலேயே தப்பிப்பவன்தானே வந்தியத்தேவன்! அன்றைக்குக் கோட்டைக் காவலனிடம் பத்து நிமிஷம் பொய் சொன்னாள். தமிழில். "ஐயா" போட்டு.

குகைக்குள் புகுந்து பூதத்தைக் கொன்று, புதையலை அள்ளி, படிப்படியாகப் பலம் ஏற வேண்டுமா? தாராளமாக டி அண்ட் டி ஆடுங்கள், அதற்கு ஃபேட் சப்பென்று இருக்கும். பயமுறுத்த வேண்டுமானால் 1981-ல் வந்த 'கால் ஆஃப் கதுல்ஹு', அதில் உடம்போடு சேர்ந்து புத்தியும் தேயும். ஆனால் எந்தக் கதை என்று முடிவு செய்யாமலே புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள்.

இந்த ஞாயிறு சின்னவன் ஆழ்வார்க்கடியானாக வருகிறான். "சைவர்களைக் கண்டால் சண்டை" என்று இப்போதே எழுதி வைத்துவிட்டான்.