ஏழு பேர்ச்சஸும் ஒரு சாக்கு மண்ணும்

போன லீவுக்கு வீட்டுக்குப் போனபோது அம்மா உரச் சாக்கில் மண் சுமந்துகொண்டிருந்தார். பழைய லயத்துக்குப் பின்னால் இருந்த மரக்கறிப் பாத்தியிலிருந்து புது வீட்டுக்கு, ஏத்தம் முழுக்க, தலையில். "புது வீட்டைச் சுத்தி மண்ணே இல்லையாம்மா?" என்று கேட்டேன். "அது மண்ணில்லடா. வேணும்னா போய்க் கொத்திப் பாரு" என்றார்.

கொத்திப் பார்த்தேன். மண்வெட்டி எகிறியது. டோசர் விட்டுச் சரிவை வெட்டித்தான் வீட்டுத் திட்டத்துக்கு இடம் எடுத்தார்கள். மேலே கிடந்த ஒரு சாண் கறுப்பு மண் பள்ளத்தில் போய் விழுந்துவிட்டது. எங்களுக்கு மிஞ்சினது செங்கல் நிறத்து அடிமண்ணும் கிரவலும். மழைக்கு வழுக்கும். ஜனவரி முதல் மார்ச் வரைக்கும் வெயில் நாட்களில் ஓடு மாதிரி இறுகிவிடும்.

பழைய பாத்தி எங்கள் அப்பாயி தொடங்கினது. அடுப்புச் சாம்பல், மாட்டுச் சாணி, மரக்கறித் தோல், வெயில் காலத்தில் மேலே பரப்ப அறுத்த புல், மண் ஓடாமல் இருக்க அடுக்கின கல். இருபது வருஷத்துக்கு மேல் போட்டுப் போட்டு வந்த மண் அது. விரலை விட்டால் உள்ளே போகும். அந்த இருபது வருஷத்தைத்தான் அம்மா சாக்கில் கட்டித் தூக்கிக்கொண்டு வருகிறார்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், "தோட்டத்து ஆட்களுக்கு வீட்டுத்தோட்டம் செய்யக்கூட சோம்பல், நாலு கீரை நட்டா என்ன?" என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. 2022 நெருக்கடியில் இந்த அறிவுரை மழையாகக் கொட்டியது. அந்த ஜூன் மாதம் அரசாங்க ஊழியர்களுக்குப் பயிர் செய்யச் சொல்லி வெள்ளிக்கிழமை லீவு கொடுத்தார்கள். கம்பனித் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர்களுக்கு ஏது வெள்ளிக்கிழமை? பெரட்டுக்குப் போகாத நாளுக்குப் பேர் இல்லை, பேர் இல்லாவிட்டால் சம்பளம் இல்லை.

யூடியூபில் பார்க்கிற தோட்டக் குறிப்புகளும் நமக்கு அப்படியே பொருந்தாது. யாழ்ப்பாணத்துக்கோ ராமநாதபுரத்துக்கோ சொன்னது அது: தண்ணீரைப் பிடித்து வை, வெயிலை மறை. இங்கே தண்ணீர் மண்ணையே அடித்துக்கொண்டு போகிறது. மிஞ்சுகிற மண் புளிப்பு. தேயிலைக்கு அமிலத்தன்மை 4.5இலிருந்து 5.5 வரை பிடிக்கும். கோவாவுக்கும் பீட்ரூட்டுக்கும் 6க்கு மேல் வேண்டும். ஒன்றரைதானே வித்தியாசம் என்று நினைக்காதீங்க, அந்த அளவுகோலில் 4.5 என்பது 6ஐவிட முப்பது மடங்கு புளிப்பு. போதாததற்கு அமோனியம் சல்பேட்டும் யூரியாவும் வருஷக்கணக்காகக் கொட்டியிருக்கிறது. அவை மண்ணை இன்னும் புளிக்க வைக்கும்.

மண் தானாகக் கெட்டதும் இல்லை. காட்டை அழித்துக் கோப்பி போட்டார்கள். 1869இல் இலை நோய் வந்து கோப்பி செத்ததும் அதே சரிவில் தேயிலை. புல் ஒன்று முளைக்காமல் சுரண்டி வைப்பதுதான் அந்தக் காலத்துத் துரைமாருக்கு நல்ல தோட்டம். மூடாத சரிவில் மழை என்ன செய்யும்? 1931இலேயே மண்ணரிப்பைப் பற்றிக் குழு போட்டு அறிக்கை எழுதினார்கள், 1951இல் மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சுரண்டினது யார் கை என்று கேட்டால் எங்கள் ஆட்களுடைய கைதான். சுரண்டச் சொன்னது யார் என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

மண்ணைத் திருத்த நாள் ஆகும் என்பது தோட்டங்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை. கிழட்டுத் தேயிலையைப் பிடுங்கினால் உடனே கன்று நட மாட்டார்கள். குவாத்தமாலா புல்லோ மானா புல்லோ போட்டு ஒன்றரை, ரெண்டு வருஷம் மண்ணை ஆற விட வேண்டும், தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையம் சொல்கிற முறை இது. கவ்வாத்து வெட்டும் சமயத்தில் புளிப்புக் குறைய டொலமைட் போடுவார்கள். கவ்வாத்து மிலாறை மலையிலேயே விடச் சொல்வார்கள், நாங்கள் விறகுக்குத் தூக்கிவிடுவோம். வேறு எதில் சோறாக்குவது? ஆக, தேயிலைக்கு ரெண்டு வருஷம் ஓய்வு. அம்மாவுக்கு மட்டும் ஒரே போகத்தில் கோவா காய்க்க வேண்டும்!

இதே அவசரத்தைத்தான் 2021இல் நாடே பார்த்தது. மே மாதம் ஒரு வர்த்தமானியில் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்கள், நவம்பரில் தடையை எடுத்தார்கள். நான் இயற்கை உரத்துக்கு எதிரி இல்லை, அப்பாயியின் பாத்தியில் வளர்ந்தவன். ஆனா புளிச்சு, தின்னு தீர்த்த மண்ணை ஆறு மாசத்தில் மாற்ற ஏலாது. 2021இல் 300 மில்லியன் கிலோவுக்குக் கிட்ட இருந்த நாட்டின் தேயிலை அடுத்த வருஷம் 250க்கு இறங்கியது. எங்கள் மலையில் கொழுந்து எடை வராமல் அம்மாவுக்கு எத்தனை நாள் அரைப்பேர் விழுந்தது என்று எந்தக் கணக்கிலும் இருக்காது.

மண்ணுக்கு வருஷங்கள் வேண்டும். காணி உறுதி இருக்கிறவனால்தான் வருஷங்களை நம்பி வேலை செய்ய முடியும். 1972லும் 1975லும் காணிச் சீர்திருத்தம் வந்து தோட்டம் அரசாங்கத்துக்குப் போனது. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது, பிறகு 53 வருஷக் குத்தகை. கம்பனிக்குக்கூட இது சொந்த மண் இல்லை, ஆனாலும் அதன் கையில் ஒரு குத்தகைப் பத்திரம் இருக்கிறது. எங்கள் வரிசை வீடுகளில் ஒருத்தர் கையிலும் இன்னும் உறுதி இல்லை. எப்போது எழுப்புவார்களோ என்று தெரியாத இடத்தில் யார் கல் அடுக்குவார்கள்? அப்பாயி அடுக்கினார், உண்மைதான். அதன் பலன் இப்போது சாக்கில் வருகிறது.

நம்ம ஆட்களையும் சொல்ல வேண்டும். 2023இல் இருநூறு வருஷ நினைவு மேடைகளில் எல்லாரும் "நம் முன்னோர் தேயிலைக்கு உரமானார்கள்" என்று முழங்கினோம், நானும் கைதட்டினேன். உரமானதைப் பேசினோம், மண்ணைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. கோரிக்கை ஏழு பேர்ச்சஸா பத்தா என்று எண்ணிக்கையிலேயே நிற்கிறது. ஏழு பேர்ச்சஸ் என்றால் சுமார் 1,900 சதுர அடி. வீடு, கக்கூசு, படிக்கட்டு, வெட்டின சரிவு எல்லாம் போக மிஞ்சுகிற துண்டில் என்ன மண் இருக்கிறது என்று எந்தத் தலைவரும் குனிந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

கேட்க வேண்டியது பெரிய விஷயமும் இல்லை. டோசர் வருவதற்கு முன்னால் மேல்மண்ணை வழித்து ஒரு பக்கம் குவியுங்கள், வீடு முடிந்ததும் அதே துண்டில் திரும்பப் பரப்புங்கள். தண்ணீர் போக ஒழுங்காகக் கான் வெட்டுங்கள். தேயிலைக்கு லொறியில் வருகிற டொலமைட்டில் வீட்டுக்கு ஒரு மூட்டை இறக்குங்கள். வீட்டுச் சாவியோடு உறுதியையும் கையில் கொடுங்கள், பயிர் செய்ய ஒரு துண்டையும் அதில் சேர்த்து எழுதுங்கள். இதெல்லாம் நடந்த பிறகும் பாத்தி காய்ந்து கிடந்தால், அப்போது வந்து எங்களைச் சோம்பேறி என்று சொல்லுங்கள்.