நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குப் பிறகு

சிதம்பரத்தை அடுத்த பி.முட்லூர் அருகே 2024 செப்டம்பரில் காரும் லாரியும் நேருக்கு நேர் மோதியதில், மயிலாடுதுறையைச் சேர்ந்த ஒரே குடும்பத்தினர் ஐந்து பேர் இறந்தார்கள். 2023 ஜனவரியில் வேப்பூர் அருகே வாகனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மோதிக்கொண்டதில் ஒரு காரில் இருந்த குடும்பத்தினர் ஐந்து பேர் இறந்தார்கள். இரண்டும் கடலூர் மாவட்டத்தில் நடந்தவை. இரண்டும் தலைப்புச் செய்தியாயின. ஆனால் அப்பாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து, அம்மாவுக்குத் தலையில் அடிபட்டு, பின்சீட்டில் இருந்த பிள்ளை கீறல்கூட இல்லாமல் தப்பிய விபத்து செய்தியின் கடைசி வரியில் முடிந்துவிடுகிறது: 'மேல்சிகிச்சைக்காக ஜிப்மருக்கு அனுப்பிவைக்கப்பட்டனர்.' அதற்குப் பிறகு அந்தக் குடும்பம் என்ன ஆனது என்று யாரும் கேட்பதில்லை.

2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். காயமடைந்தவர்கள் 4,43,366 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் அவ்வாண்டு முதலிடத்தில் இருந்தது தமிழ்நாடு: 64,105. ஆக, நம் மாநிலத்தில் விபத்தைக் கடந்து வாழ்பவர்களின் தொகை மிகப் பெரிது. நம் கொள்கைகளோ பெரும்பாலும் உயிரைக் காப்பதோடு நின்றுவிடுகின்றன.

புவனகிரி போன்ற ஊரில் நின்று பார்த்தால் இது நன்றாகப் புரியும். வெள்ளாற்றுக் கரையில், ராகவேந்திரர் பிறந்த தலம் என்று வெளியூர்க் கார்கள் தேடி வரும் சிற்றூர் இது. சிதம்பரம், சேத்தியாத்தோப்பு, குறிஞ்சிப்பாடி என்று சாலைகள் பிரிகின்றன. கரும்பு அரவைக் காலத்தில் எம்.ஆர்.கே. ஆலைக்குச் செல்லும் டிராக்டர்கள் பின்விளக்கு இல்லாமல் போகும். அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையில் நெல் காயும். முகூர்த்த நாளுக்கு முந்தைய இரவு சென்னையிலிருந்து புறப்பட்ட குடும்பங்கள் விடியற்காலையில் இந்தப் பக்கம் வந்து சேரும். அடிபட்டவர்கள் முதலில் உள்ளூர் அரசு மருத்துவமனைக்குப் போவார்கள். அங்கிருந்து சிதம்பரம், பிறகு அண்ணாமலை நகரில் முன்பு ராஜா முத்தையா என்று இருந்து இப்போது அரசுக் கல்லூரியாகிவிட்ட மருத்துவமனை. அதற்கும் மேலென்றால் புதுச்சேரி ஜிப்மர். 'எழுதிக் குடுத்துட்டாங்க', அதாவது அடுத்த மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார்கள், என்பது இப்பகுதியில் எல்லோருக்கும் தெரிந்த வாக்கியம்.

முதல் இரண்டு நாட்களைப் பொறுத்தவரை தமிழ்நாடு செய்திருப்பது பெரிய காரியம். 2008-இல் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் சேவையும், 2021 டிசம்பர் 18-இல் மேல்மருவத்தூரில் தொடங்கிவைக்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டமும் பல உயிர்களை மீட்டிருக்கின்றன. விபத்துக்குள்ளானவர் எந்த மாநிலத்தவர், காப்பீட்டு அட்டை வைத்திருக்கிறாரா என்று கேட்காமல் முதல் 48 மணி நேரச் சிகிச்சையைப் பட்டியலிலுள்ள தனியார் மருத்துவமனையிலும் அரசு செலவில் தருவது இத்திட்டம். ஒருவருக்கு 1 லட்சம் ரூபாயாக இருந்த வரம்பு பின்னர் 2 லட்சமானது. 2025 மே மாதம் ஒன்றிய அரசும் ஏழு நாட்களுக்கு ஒன்றரை லட்சம் வரை கட்டணமில்லாச் சிகிச்சையை அறிவித்தது. சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றத்தில் 2012-இல் வழக்குத் தொடுத்துப் பல ஆணைகளைப் பெற்றவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ்.ராஜசேகரன் என்பது தமிழர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டிய செய்தி. கட்டணமில்லாச் சிகிச்சைக்கான கடுமையான உத்தரவும் 2025 ஜனவரியில் அந்த வழக்கில்தான் வந்தது.

ஆனால் மூன்றாம் நாள் காலையிலிருந்து குடும்பம் தனியாக நிற்கிறது. அறுவைசிகிச்சை வார்டுக்கு வெளியே காத்திருக்கும் மைத்துனருக்கோ சித்தப்பாவுக்கோ ஒரே நேரத்தில் இரண்டு அலுவலகங்களின் வேலை தலையில் விழுகிறது. மருத்துவமனையில் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) நகல், காயச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி. காவல் நிலையத்தில் எஃப்.ஐ.ஆர்., ரஃப் ஸ்கெட்ச், எம்.வி.ஐ. (மோட்டார் வாகன ஆய்வாளர்) அறிக்கை. நசுங்கிய கார் ஸ்டேஷன் வாசலில் நிற்கும். ஜிப்மரில் ஒருவர் இறந்துவிட்டாலோ, அங்கிருந்து இறப்புத் தகவல் இங்குள்ள காவல் நிலையத்துக்கு வந்து, இங்கிருந்து காவலர் போய் விசாரணை முடித்த பிறகுதான் உடல் கிடைக்கும்.

இந்தக் காகிதங்களில் எஃப்.ஐ.ஆரைப் போலக் குடும்பத்தின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் காகிதம் வேறில்லை. காருக்கும் லாரிக்கும் மோதல் என்றால், காரில் இருந்தவர்கள் எல்லோரும் மருத்துவமனையில் கிடப்பார்கள். காயமில்லாத லாரி ஓட்டுநர் முதலில் ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் தந்துவிட முடியும். 'கார் கட்டுப்பாட்டை இழந்து எதிரே வந்து மோதியது' என்று அதில் பதிவாகிவிட்டால், பிறகு அதை மாற்றப் பெரும்பாடு படவேண்டும். எனவே குடும்பத்திலோ நட்பிலோ ஒருவர் முதல் நாளே காவல் நிலையத்துக்குப் போகவேண்டும். காயமடைந்தவரின் வாக்குமூலத்தை மருத்துவமனைக்கே வந்து பதிவுசெய்யும்படி கேட்கவேண்டும். சாலையில் டயர் தடமும் வாகனங்கள் நின்ற இடமும் தெரியும்படி புகைப்படம் எடுத்துவைக்கவேண்டும். எஃப்.ஐ.ஆர். பாதகமாக இருந்தாலும் எல்லாம் போயிற்று என்று பொருளில்லை. குற்றவியல் நீதிமன்றம் கேட்கும் ஐயந்திரிபற்ற நிரூபணம் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குத் தேவையில்லை. எது நடந்திருக்கக்கூடியது என்று எடைபோட்டாலே போதும் என உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது.

இதைவிடக் கடினமான நிலைமை ஒன்று உண்டு. எதிரே வண்டியே இல்லை. வீட்டுக்காரரே ஓட்டினார், கண்ணயர்ந்தார், கார் புளியமரத்தில் மோதியது. மனைவிக்கோ பிள்ளைக்கோ அடி. சட்டத்தின் கண்ணில் அவர் குற்றம் சாட்டப்பட்டவர். காயம் என்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 125 பிரிவுகள். உயிர் போயிருந்தால் 106. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவில் இரண்டு ஆண்டுகளாக இருந்த அதிகபட்சத் தண்டனை இப்போது ஐந்து ஆண்டுகள். மகளைப் பறிகொடுத்த தகப்பன், அந்த மகளின் மரணத்துக்காகவே நீதிமன்றப் படியேறுகிறார். பார்க்க வரும் உறவினர்கள் கட்டிலருகே உட்கார்ந்து, 'ராத்திரியில ஏம்ப்பா கெளம்புனீங்க?' என்று கேட்கிறார்கள். அக்கறையில்தான் கேட்கிறார்கள். அந்த மனிதர் ஒவ்வொரு இரவும் தன்னைத்தானே கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி அது. தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள்.

இத்தகைய வீடுகளில் இழப்பீடு என்ற பேச்சே எழுவதில்லை. 'புருஷன் மேலயே கேஸ் போடறதா?' என்று மனைவி வாயை மூடிக்கொள்கிறார். அவருடைய தயக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அதனால் அவர் இழப்பது என்ன என்று தெரிந்துகொண்டு தயங்கட்டும். காருக்கு முழுக் காப்பீடு, அதாவது பேக்கேஜ் பாலிசி, இருந்தால் காரில் பயணம் செய்தவர்களும் அதற்குள் வருவார்கள் என்று 2012 நவம்பரில் பாலகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. மனுவில் கணவர் பெயர் எதிர்மனுதாரராக இருக்கும். பணத்தைத் தருவது காப்பீட்டு நிறுவனம். அது கணவரைத் தண்டிக்கும் வழக்கு அல்ல. அவர் ஆண்டுதோறும் கட்டிய பிரீமியத்தின் பலனைக் கேட்கும் மனு. வெறும் மூன்றாம் நபர் பாலிசி என்றால் பயணிகளுக்கு அதில் இடமில்லை; தனியாகச் சேர்த்த பயணிகள் காப்பு இருந்தால்தான் உண்டு.

ஓட்டிய உரிமையாளரின் நிலை வேறு. தன் தவற்றுக்குத் தானே இழப்பீடு கேட்க முடியாது. அவர் இறந்தால் அவருடைய வாரிசுகளும் கேட்க முடியாது என்று 2025 ஜூலையிலும் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. அவருக்கு இருப்பது 15 லட்சம் ரூபாய் கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பு மட்டும். ஒரு லட்சம், இரண்டு லட்சம் என்று கிடந்த அந்தத் தொகை 2018-இல் உயர்ந்ததற்குப் பின்னால் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவு இருக்கிறது. சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்கிறோம் என்று அதை விட்டுவிடுகிறவர்கள் ஏராளம்.

லாரி மீதும் தவறு, கார் மீதும் தவறு என்று முடிவானால் பலர் குழம்பிப் பாதித் தொகைக்குச் சம்மதித்துவிடுகிறார்கள். காரை ஓட்டியவருக்குத்தான் அவர் பங்குத் தவற்றின் அளவு குறையும். பயணியாக உட்கார்ந்திருந்த தாயோ பிள்ளையோ எதையும் ஓட்டவில்லை. தங்கள் முழு இழப்பீட்டையும் அவர்கள் லாரியின் காப்பீட்டு நிறுவனத்திடமே கேட்கலாம் என்று 2015-இல் தீர்ப்பு வந்துவிட்டது.

தொகையைக் கணக்கிடுவதிலும் குடும்பங்கள் ஏமாறுகின்றன, குறிப்பாகப் பெண்கள் விஷயத்தில். 'வீட்ல சும்மாதான் இருந்தாங்க' என்று கணவரே சொல்லிவிடுவார். 2021 ஜனவரியில் ஒரு தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், நாள் ஒன்றுக்குப் பெண்கள் ஊதியமில்லா வீட்டு வேலையில் 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுவதாகக் கூறும் அரசு ஆய்வை மேற்கோள் காட்டி, இல்லத்தரசியின் உழைப்புக்கு வருமான மதிப்பு வைத்தே ஆகவேண்டும் என்றது. அதேபோல, மருத்துவக் குழு தரும் ஊன விழுக்காடும் பிழைப்பில் ஏற்படும் இழப்பும் ஒன்றல்ல என்று 2010-லேயே சொல்லப்பட்டுவிட்டது. முழங்கால் மடங்காமல் போனால் மேசை வேலை பார்ப்பவர் சமாளித்துக்கொள்வார். புவனகிரி வட்டாரத்தில் நாற்று நடும் பெண்ணுக்கு அது மொத்தப் பிழைப்பும் போன மாதிரி. சான்றில் இருபது விழுக்காடு என்று மட்டும் எழுதியிருந்தாலும், தீர்ப்பாயத்தில் அவர் வாதிட வேண்டியது இதைத்தான்.

இவ்வளவையும் குடும்பமே தெரிந்துகொண்டு அலையவேண்டியதில்லை என்பதுதான் சட்டத்தின் நோக்கம். 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, விசாரணை அதிகாரி 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பவேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு அவருடைய உரிமைகளை எழுத்தில் தரவேண்டும். 90 நாட்களுக்குள் விரிவான அறிக்கையைத் தாக்கல் செய்யவேண்டும். அந்த அறிக்கையையே இழப்பீட்டு மனுவாக எடுத்துக்கொள்ளலாம். இதற்கெனக் காவல் துறையில் தனிப் பிரிவு வேண்டும் என்று 2022 டிசம்பர் 15-இல் கோஹர் முகமது வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால் புவனகிரியில் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள்: வக்கீலைப் பிடித்து எம்.சி.ஓ.பி. என்னும் இழப்பீட்டு மனு போடுவது ஒன்றே அவர்கள் அறிந்த வழி. மருத்துவமனை வாசலில் நின்று, கிடைப்பதில் இத்தனை பங்கு என்று பேசி வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கும் தரகர் அந்த அறியாமையில்தான் வாழ்கிறார். மனுவுக்கு ஆறு மாதக் கெடு என்று 2019 திருத்தச் சட்டம் வைத்தது இந்த அவசரத்தை இன்னும் கூட்டிவிட்டது. அந்தக் கெடு உச்ச நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாகியிருக்கிறது. தீர்ப்பு வரும்வரை ஆறு மாதத்துக்குள் மனுச் செய்வதே பாதுகாப்பு.

மனக்காயத்துக்கு எந்தப் படிவமும் இல்லை. கீறல்கூட இல்லாமல் தப்பிய பிள்ளையை எல்லோரும் அதிர்ஷ்டசாலி என்பார்கள். அது இரவில் படுக்கையை நனைக்கும், காரில் ஏற மறுத்து அலறும், பள்ளியில் பேசாமல் உட்கார்ந்திருக்கும். கண் பட்டுவிட்டது என்று சுற்றிப்போட்டு, மந்திரித்துக் கயிறு கட்டுவோம். அது ஆறுதல் தருமென்றால் செய்யலாம். ஆனால் ஒரு மாதம் கடந்தும் இந்த அறிகுறிகள் தொடர்ந்தால் மனநல மருத்துவரிடம் காட்டவேண்டும். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். ஓட்டிய அப்பாவும் பேசவேண்டும். பிள்ளையைவிட அவருக்கு அது அவசரமாகத் தேவைப்படலாம். அந்தச் சிகிச்சையின் சீட்டுகளையும் பத்திரப்படுத்துங்கள், தீர்ப்பாயம் அவற்றையும் பார்க்கும்.

சிதம்பரத்திலும் அண்ணாமலை நகரிலும் உள்ள அரசு மருத்துவமனைகளின் விபத்துப் பிரிவுக்கு வெளியே ஒரு மேசை, வட்ட சட்டப் பணிகள் குழுவின் தன்னார்வலர் ஒருவர் — முதல் தேவை இவ்வளவே. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு என்று 1987-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதைச் சொல்ல அந்த இடத்தில் ஆள் இல்லை. வங்கிப் புத்தகத்தில் ஒன்றிய அரசின் காப்பீட்டுத் திட்டத்துக்கென ஆண்டுக்கு 20 ரூபாய் பிடித்தம் இருந்தால் 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பு உண்டு என்பதையும், அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் படிக்கும் பிள்ளையின் வருவாய் ஈட்டும் பெற்றோர் விபத்தில் இறந்தால் 75,000 ரூபாய் அப்பிள்ளை பெயரில் வைப்பாகும் என்பதையும் அந்த ஒருவரே சொல்லிவிடலாம். கடலூர் மாவட்ட நிர்வாகமும் காவல் துறையும் மனம் வைத்தால் புதிதாக ஒரு சட்டமும் வேண்டாம், கட்டடமும் வேண்டாம்.

வாசகர்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் காரின் பாலிசியை இன்றே எடுத்துப் பாருங்கள். 'லயபிலிட்டி ஒன்லி' என்று மட்டும் அதில் இருந்தால், நீங்கள் ஓட்டும்போது உங்கள் தவற்றால் விபத்து நேர்கையில், உடன் வரும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அந்தக் காப்பீட்டிலிருந்து ஒரு ரூபாய்கூட வராது. அடுத்த புதுப்பிப்பில் அதை மாற்றுங்கள்.