கறவை மாட்டுக்கு புரோபயாட்டிக் கொடுக்கலாமா? முதலில் தீவனத்தைப் பாருங்கள்

உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-ல் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. தமிழ்நாட்டில் எடுத்த 551 மாதிரிகளில் 88-ல் ‘அஃப்ளாடாக்சின் எம்1’ என்ற பூஞ்சை நச்சு வரம்பை மீறியிருந்தது. எண்ணிக்கையில் நாட்டிலேயே இதுதான் அதிகம். நாடு முழுவதும் 77 மாதிரிகளில் ஆன்டிபயாட்டிக் எச்சமும் வரம்பை மீறியது. ஆன்டிபயாட்டிக் எச்சம் குறித்து மேலும் கடுமையாக்கப்பட்ட விதிகள் 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. இனி அளவோடு தரமும் சேர்ந்துதான் உங்கள் பாலுக்கு விலை.

இந்த நேரத்தில் ‘நன்மை செய்யும் நுண்ணுயிரி’ என்று விற்கப்படும் புரோபயாட்டிக் பவுடர்களை வாங்கலாமா? வாங்கலாம். ஆனால் அது இரண்டாவது வேலை.

நுண்ணுயிரிகள் மாட்டிலேயே உள்ளன

மாட்டின் முதல் இரைப்பை ஒரு பெரிய நொதிப்புத் தொட்டி. அங்குள்ள கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள்தான் புல்லையும் வைக்கோலையும் செரிக்கின்றன. நார்ச்சத்து செரிக்கும்போது உண்டாகும் அசிட்டிக் அமிலமே பாலில் கொழுப்பாகிறது.

அனகாபுத்தூர், பம்மல், திருநீர்மலை போன்ற புறநகர்ப் பகுதிகளில் மேய்ச்சல் நிலம் குறைவு. அதனால் மீதச் சோறு, கஞ்சி, ஓட்டல் கழிவு ஆகியவற்றை நம்ப வேண்டியுள்ளது. இவற்றை ஒரே நேரத்தில் அதிகம் கொடுத்தால் இரைப்பையில் அமிலம் கூடி, நார் செரிக்கும் நுண்ணுயிரிகள் மடியும். சாணம் இளகும், அசை போடுவது குறையும், பாலில் கொழுப்பு இறங்கும். படுத்து ஓய்வெடுக்கும் மாடுகளில் பாதிக்கு மேல் அசை போடாவிட்டால் தீவனத்தில் தவறு உள்ளது.

ஈஸ்ட் என்ன செய்யும்?

உயிருள்ள ஈஸ்ட், இரைப்பையில் மிஞ்சும் ஆக்சிஜனைப் பயன்படுத்திக்கொள்ளும். லாக்டிக் அமிலத்தைக் குறைக்கும் நுண்ணுயிரிகளை ஊக்குவிக்கும். கன்று ஈன்ற முதல் இரண்டு மூன்று மாதங்களிலும், கோடை வெப்பத்திலும் இதன் பயன் அதிகம். பலன் தெரிய இரண்டு மூன்று வாரமாகும். உறையில் உள்ள அளவில் தினமும் அடர்தீவனத்தில் கலந்து கொடுங்கள். சூடான கஞ்சியில் கலந்தால் ஈஸ்ட் இறந்துவிடும். காலாவதி தேதியைப் பார்த்து வாங்கி, வெயில் படாமல் வையுங்கள்.

பவுடரால் தீராதவை

பூஞ்சை பிடித்த புண்ணாக்கு, நனைந்த வைக்கோல் ஆகியவற்றிலிருந்து அஃப்ளாடாக்சின் பாலுக்கு வருகிறது. பாலைக் காய்ச்சினாலும் அது போகாது. அடையாற்றங்கரைப் பகுதிகளில் வடகிழக்குப் பருவமழையில் ஈரம் தேங்கும். மழைக்கு முன்பே தீவன மூட்டைகளைச் சுவரை ஒட்டாமல் மரப்பலகை மேல் அடுக்குங்கள். பூஞ்சை தீவனத்தை உடனே நிறுத்தினால் சில நாட்களில் பாலில் நச்சு குறையும்.

மடிவீக்கத்தையும் புரோபயாட்டிக் குணப்படுத்தாது. கால்நடை மருத்துவர் ஆன்டிபயாட்டிக் கொடுத்தால், அவர் சொல்லும் நாட்கள் வரை பாலை விற்காதீர்கள். மருந்து எச்சம் உள்ள பாலில் உறை ஊற்றினால் தயிர் சரியாக உறையாது. தயிரை உண்டாக்கும் நல்ல நுண்ணுயிரிகளையும் அந்த மருந்து கொல்வதே காரணம்.

நீங்கள் செய்ய வேண்டியவை

* பசுந்தீவனமும் வைக்கோலும் முதலில். அடர்தீவனத்தை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுங்கள்.
* புதுத் தீவனத்துக்கு 10 முதல் 14 நாட்களில் படிப்படியாக மாற்றுங்கள்.
* பசுந்தீவனம் கிடைக்கும் பருவத்தில் ஊறுகாய்ப் புல் தயாரித்து வையுங்கள். லாக்டிக் அமில நுண்ணுயிரிகள் அதைக் கெடாமல் காக்கும்.
* பால் கறந்ததும் தீவனம் வைத்து, மாட்டை அரை மணி நேரம் நிற்க வையுங்கள். காம்புத் துளை மூடிக்கொள்ளும்.
* ஈஸ்ட் கொடுப்பதற்கு முன்னும், மூன்று வாரம் கழித்தும் கொழுப்பு, கொழுப்பற்ற திடப்பொருள் அளவைக் குறித்து வையுங்கள். கூடுதல் வருமானம் பவுடர் செலவை மிஞ்சினால் மட்டும் தொடருங்கள்.

தீவன ஆலோசனைக்கு அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தையோ, காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகலாம்.