பஸ்ஸுக்குள் இருக்கும் கமெராவும் எங்கள் பயமும்



போன இதழில் இரவு வேலை பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, ஸ்காபரோவுக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு சகோதரி கடிதம் போட்டிருக்கிறார். "பஸ்ஸின் கூரையில் கமெரா பூட்டியிருக்கிறார்கள். அந்தப் படம் எங்கே போகிறது? எங்களுடைய கேஸ் இன்னும் முடியவில்லை. பஸ்ஸில் ஏறவே யோசனையாக இருக்கிறது" என்று கேட்டிருக்கிறார்.

சிரித்துத் தள்ளக்கூடிய கேள்வி அல்ல இது. பஸ் என்றால் எங்களுக்கு என்ன ஞாபகம்? சோதனைச் சாவடியில் இறக்குவார்கள், அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நடக்க வேண்டும். அதற்கப்பால் முகத்தை மூடிய தலையாட்டி. அவன் தலை அசைந்தால் ஆள் வீட்டுக்கு வரமாட்டார். அப்படி வந்த சனத்துக்குக் கூரையில் இருக்கும் கண் வேறு எப்படித் தெரியும்?

ஆனால் இந்தக் கமெரா வேறு சாதி. ரீ.ரீ.சி. பஸ்ஸில் படம் பதிவது வண்டிக்குள்ளேயே உள்ள ஒரு பெட்டியில். எந்நேரமும் ஒருவர் குந்தியிருந்து உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. சம்பவம் ஒன்று நடந்தால்தான் அந்தப் பகுதியை எடுத்துப் பார்ப்பார்கள். நடக்காவிட்டால் பழைய படத்தின் மேலேயே புதுப் படம் பதிந்து அழிந்துபோகும்.

இதை எவ்வளவு நாள் வைத்திருக்கலாம் என்று இந்த ஊரிலும் வாக்குவாதம் நடந்தது. 2007ஆம் ஆண்டு லண்டனில் உள்ள பிரைவசி இன்ரர்நஷனல் என்ற அமைப்பு ரீ.ரீ.சி.யின் கமெராத் திட்டத்தைப் பற்றி முறைப்பாடு செய்தது. ஒன்ராறியோவின் அந்தரங்கத் தகவல் ஆணையாளராக இருந்த ஆன் கவூக்கியன் விசாரித்து, 2008 மார்ச்சில் அறிக்கை வெளியிட்டார். கமெரா வைப்பது சட்டத்துக்கு மாறானது அல்ல, ஆனால் ஏழு நாள் வரை படத்தை வைத்திருக்கும் வழக்கத்தைக் குறைத்து, கூடியது 72 மணித்தியாலம் ஆக்கவேண்டும் என்றார். உங்கள் படம் பெட்டியில் கனகாலம் கிடக்கக்கூடாது என்பதற்காகச் செய்தது. நல்ல விஷயம்தான்.

இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. அதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

எங்கள் தொழிற்சாலையில் பொதி கட்டும் பகுதியில் ஒரு அக்கா வேலை செய்கிறா. பின்னேரச் சிவ்ற் முடிந்து போகும்போது, பஸ்ஸில் ஒருவன் பக்கத்தில் வந்து இருந்து கைச்சேட்டை விட்டிருக்கிறான். அவ ஒன்றும் பேசாமல் அடுத்த தரிப்பில் இறங்கி மிச்சத் தூரத்தை நடந்தே போயிருக்கிறா. வீட்டில் சொன்னால், "பொலிசுக்குப் போய் என்னத்துக்கு, எங்கட பேர்தான் கெடும்" என்று பதில். ஒரு கிழமை கழித்துத்தான் சாப்பாட்டு நேரத்தில் எங்களிடம் சொன்னா. ஒரு கிழமை! அதற்குள் படம் எங்கே இருக்கப்போகிறது? அவன் இப்போதும் அதே பஸ்ஸில் போய்வருகிறானோ என்னவோ. அக்கா வேறு பாதையால், இரண்டு பஸ் மாறி, வேலைக்கு வருகிறா.

ஆகவே பஸ்ஸில் ஏதும் நடந்தால் உடனே சாரதியிடம் சொல்லுங்கள். அவர் வானொலியில் கட்டுப்பாட்டு நிலையத்துக்குச் சொல்லலாம். ஆபத்து என்றால் 911. 'ரமில்' என்ற ஒரு சொல் சொன்னாலே மொழிபெயர்ப்பாளரைத் தொடர்பில் எடுப்பார்கள். அவசரம் இல்லையென்றால் பொலிசின் இலக்கம் 416-808-2222. அன்றே சொல்வது நல்லது. பாதை இலக்கம், நேரம், ஏறிய தரிப்பு, இவற்றுடன் வண்டியில் எழுதியிருக்கும் நாலு இலக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பாதை இலக்கம் 54 என்று மட்டும் சொன்னால் லோரன்ஸ் வீதியில் ஓடும் எந்த வண்டி என்று தேடவேண்டிவரும். நாலு இலக்கம் இருந்தால் அந்த ஒரு வண்டியின் பெட்டியைக் கழற்றலாம். உங்களைப் பற்றிய பதிவை நீங்களே கேட்டு விண்ணப்பிக்கவும் சட்டம் இடம் தருகிறது. விண்ணப்பக் கட்டணம் 5 டொலர்.

கமெரா கையைப் பிடித்துத் தடுக்காது. நடந்ததைப் பிறகு காட்டும், அவ்வளவுதான். தடுப்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல ஏற்பாடு, கமெராவுக்கு முன்னமே, 1991இல் வந்தது. இரவு 9 மணி தொடக்கம் காலை 5 மணி வரை, தரிப்பு இல்லாத இடத்திலும் பஸ்ஸை நிறுத்தி இறங்கலாம். முதலில் தனியாகப் போகும் பெண்களுக்கு மட்டும் இருந்தது, 2011இல் எல்லோருக்கும் ஆக்கினார்கள். இறங்கும் இடத்துக்கு ஒரு தரிப்புக்கு முன்பே சாரதியிடம் சொல்லிவிட்டு, முன் கதவால் இறங்குங்கள். பின் கதவைத் திறக்கமாட்டார்கள். உங்களுக்குப் பின்னால் ஒருவரும் இறங்காமல் பார்க்கத்தான் அது. ஆங்கிலம் போதாதென்று வெட்கப்படத் தேவையில்லை. 'ரிக்வெஸ்ற் ஸ்ரொப், பிளீஸ்' என்றால் போதும். எங்கள் பெண்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று இந்தக் கிழமை வேலையில் விசாரித்தேன். ஐந்து பேரில் ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது.

பஸ் எங்கே நிற்கிறது என்று காட்டும் கருவியும் இப்படி உதவுகிறதுதான். வண்டியில் உள்ள ஜி.பி.எஸ். வானத்துச் செய்மதிகளின் சைகையைப் பிடித்துத் தான் நிற்கும் இடத்தைக் கணக்கிட்டு அனுப்புகிறது. ஒவ்வொரு தரிப்புக் கம்பத்திலும் ஒரு இலக்கம் இருக்கிறது. அதைக் கைத்தொலைபேசியில் போட்டால் அடுத்த பஸ் எத்தனை நிமிடத்தில் என்று வரும். நள்ளிரவு தாண்டி ஓடும் 300இல் தொடங்கும் பஸ்களுக்கு இது பெரிய உதவி. மாசி மாதக் குளிரில், ஆளில்லாத சந்தியில் இருபத்தைந்து நிமிடம் நிற்பதைவிட, தொழிற்சாலைக் கதவுக்குள் நின்று நேரம் பார்த்து வெளிக்கிடலாம். என்னைக் கேட்டால் பஸ்ஸுக்குள் இருப்பதைவிட பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரம்தான் ஆபத்து.

பின்தொடர்வது என்றால் கமெராவைவிடப் பிரெஸ்ரோ அட்டையைத்தான் நான் கவனிப்பேன். எந்த நேரம் எங்கே தட்டினீர்கள் என்பதெல்லாம் அதில் பதிகிறது. மெற்றோலிங்ஸ் நிறுவனம் சில வேளைகளில் நீதிமன்றக் கட்டளை இல்லாமலே அந்த விபரங்களைப் பொலிசுக்குக் கொடுத்ததை 2017இல் ரொறன்ரோ ஸ்ரார் பத்திரிகை வெளிப்படுத்தியது. அட்டையைப் பெயர் பதியாமலும் பாவிக்கலாம். ஆனால் தொலைந்தால் உள்ளே இருக்கும் காசும் போய்விடும். எது வேண்டும் என்பது உங்கள் விருப்பம்.

இன்னொன்று. கமெரா அதிகாரத்தின் கண் மட்டும்தான் என்று நினைக்கும் என் நண்பர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு நான் 2013 ஆடி 27ஐ ஞாபகப்படுத்துவேன். அன்று நள்ளிரவுக்குப் பின், டண்டாஸ் வீதியில் ஓடும் 505 ஸ்றீற்காரில், சமி யத்தீம் என்ற 18 வயதுப் பொடியனைப் பொலிஸ்காரர் ஒருவர் சுட்டார். பொடியன் சிரியாவில் இருந்து வந்த குடும்பம். கையில் கத்தி இருந்தது உண்மை. ஆனால் மற்றப் பயணிகள் இறங்கிவிட்டார்கள், வண்டியில் அவன் தனியே. முதலில் மூன்று வெடி, பிறகு ஆறு. அந்த வண்டியின் கமெராப் படமும் தெருவில் நின்றவர்கள் எடுத்த படமும் நீதிமன்றத்தில் போடப்பட்டன. கொலைக் குற்றச்சாட்டில் இருந்து அந்தப் பொலிஸ்காரர் விடுபட்டார். ஆனால் கொலை முயற்சிக்காக 2016 தையில் குற்றவாளியாகக் காணப்பட்டார். எங்கள் ஊர்ச் சோதனைச் சாவடிகளில் நடந்தவற்றுக்கு இப்படி ஒரு படம் இருந்திருந்தால் என்று அன்று வேலை இடத்தில் நாங்கள் கதைத்துக்கொண்டோம்.

கடிதம் போட்ட சகோதரிக்கு: பயப்படாமல் பஸ்ஸில் ஏறுங்கள். கேஸ் சம்பந்தமான சந்தேகங்களை உங்கள் வழக்கறிஞரிடமே கேளுங்கள். அடுத்த முறை குளிர்காலச் சப்பாத்து வாங்குவது பற்றி எழுதுகிறேன்.