சொந்த ஊரில் வெளிநாட்டுக்காரர்

வெளிநாட்டில் ஒரு வங்கிக் கணக்குத் தொடங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது என்று புலம்பெயர்ந்த நண்பர்கள் எழுதும்போதெல்லாம் எனக்கு மாத்தளைதான் நினைவுக்கு வருகிறது. கடவுச்சீட்டு, வதிவிட அனுமதி, முகவரிச் சான்று, வேலை கொடுத்தவரின் கடிதம் என்று அந்நியரிடம் கேட்கிறார்கள். கேட்கட்டும். தலைமுறை தலைமுறையாக ஒரே மண்ணில் பிறந்து, அதிலேயே புதைக்கப்படுகிறவர்களிடமும் "நீ இங்கே இருப்பதற்கு அத்தாட்சி என்ன?" என்று கேட்பதை எப்படி ஏற்பது?

மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே நடந்து மாத்தளையை அடைந்து கோப்பித் தோட்டங்களை உருவாக்கியவர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். அந்த நடையை நினைவுகூர்ந்து 2023 ஜூலை 28 அன்று தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம் ஆகஸ்ட் 12 அன்று மாத்தளையில்தான் முடிந்தது.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டுக்கொண்டனர். நாட்டைவிட்டுப் போகும் குடும்பம் எடுத்துச் செல்லக்கூடிய பணத்தின் உச்சவரம்பு 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்கப்படாது என்பது அவ்வொப்பந்தம் காட்டிய கருணை! சேமலாப நிதியும் பணிக்கொடையும் அதற்குள் அடக்கம். எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் குடியுரிமை வழங்கியது.

காகிதத்தில் சிக்கல் தீர்ந்தது. வங்கியில் தீர்ந்ததா?

2006ஆம் ஆண்டின் நிதிக் கொடுக்கல் வாங்கல் அறிக்கையிடல் சட்டமும் 2016ஆம் ஆண்டின் விதிகளும் வாடிக்கையாளரின் முகவரியை உறுதிசெய்யச் சொல்கின்றன. லயன் காம்பராவுக்கு ஏது முகவரி? வீடு தோட்டத்துடையது. கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வரும். கிராம அலுவலரின் சான்றிதழ் போதுமே என்பார்கள். அதற்கு அலையும் நாளின் சம்பளத்தை யார் தருவது?

இவர்களிடம் சேமிப்புப் புத்தகமே இல்லை என்று நான் சொல்லவில்லை. பலரிடம் உண்டு. பணத்தை வாங்கிக்கொள்ள வங்கி தயங்குவதில்லை. கடன் கொடுக்கும்போதுதான் காணி உறுதியைக் கேட்கிறது. அதுதான் இவர்களிடம் இல்லையே!

வளைகுடாவுக்குப் பணிப்பெண்ணாகப் போகிறவரின் நிலை இன்னும் மோசம். கடவுச்சீட்டை எசமானர் பூட்டி வைத்துக்கொண்டால் அங்கே கணக்குத் தொடங்க வழியில்லை. ஊரில் தன் பெயரில் கணக்கு இல்லாவிட்டால் சம்பளம் கணவன் கணக்கிலோ அண்ணன் கணக்கிலோ விழும். உழைத்தவள் திரும்பி வந்து தன் பணத்துக்குக் கையேந்தி நிற்பாள்.

சலுகை எதுவும் வேண்டாம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் இலக்கம், குடும்பத் தலைவியின் பெயரும் சேர்ந்த காணி உறுதி, தமிழில் ஒரு விண்ணப்பப் படிவம் ஆகிய மூன்றும் போதும். தமிழ் ஆட்சிமொழி என்று அரசியலமைப்பு 1987 முதல் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறது?

அதுவரை மாத்தளைத் தோட்டத் தொழிலாளி சொந்த ஊரில் வெளிநாட்டுக்காரர்தான். உண்மையான வெளிநாட்டுக்காரருக்காவது காட்டுவதற்கு ஒரு வதிவிட அனுமதி இருக்கிறது.