27 நாட்டுக்கு ஒரு சிம், 30 கிலோமீட்டருக்கு இன்னொரு சிம்

ஜெர்மனியில் வாங்கிய ப்ரீபெய்டு சிம்மோடு போர்ச்சுக்கல் வரை போய் வரலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளிலும் அதே கட்டணம்தான். (சுவிட்சர்லாந்து இந்தக் கணக்கில் சேராது. ரயில் அந்த வழியாகப் போனால் டேட்டாவை அணைத்துவிடுங்கள்.) 2017 ஜூன் 15-லிருந்து இப்படி. அதற்கு முதல் நாளும் அதே டவர்கள்தான் இருந்தன. மாறியது சட்டம் மட்டுமே.

நம் ஊர்க் கதையும் அதுதான். காரியாபட்டிப் பக்கத்திலிருந்து வடக்கே லாரி ஓட்டிப் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டைத் தாண்டினால் வருகிற அழைப்புக்கும் காசு. அதனால் வீட்டிலிருந்து மிஸ்டு கால் மட்டும்தான் வரும்! 2015 ஜூனில் பிஎஸ்என்எல் அதை இலவசமாக்கியது. 2016-ல் ஜியோ உள்நாட்டு ரோமிங் கட்டணமே இல்லாமல் வந்தது. 2017 ஏப்ரலில் ஏர்டெல்லும் கைவிட்டது. யாரும் நஷ்டப்பட்டுச் செய்ததாகத் தெரியவில்லை.

இப்போது கடலுக்கு வருவோம். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர். 2023 அக்டோபரில் நாகப்பட்டினம் - காங்கேசன்துறை கப்பலும் வந்தது. ஆனால் இறங்கியதும் சர்வதேச ரோமிங் பேக் போட வேண்டும், இல்லாவிட்டால் அங்கே ஒரு சிம் வாங்க வேண்டும். பழைய சிம்மைக் கழற்றினால் வீட்டுக்குத் தெரிந்த நம்பரும் போச்சு, வங்கி ஓடிபியும் போச்சு. (இரட்டை சிம் போன் எல்லோரிடமும் இல்லை ஐயா.)

ஐரோப்பாவிலும் ஒரே நாளில் நடக்கவில்லை. 2007-ல் உச்சவரம்பு வைத்து, பத்து வருடம் படிப்படியாகக் குறைத்தார்கள். டில்லியும் கொழும்பும் அப்படியே தொடங்கலாமே? டேட்டா பிறகு இருக்கட்டும், முதலில் வருகிற அழைப்பை இலவசமாக்கட்டும்.