வாத்தியாருக்கு 'டென்ஷன்'... பசங்களுக்கு 'போர்'!

சென்னை:
அரசு பள்ளிகளில் பசங்களுக்கு படிப்பில் நாட்டமே இல்லை என்று ஆசிரியர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். 'ஆல் பாஸ்'தான் காரணம் என்றும் பழி போடுகிறார்கள்.

கணக்கு வேறு. 2009-ம் ஆண்டு கல்வி உரிமை சட்டப்படி, 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு 2 ஆசிரியர் இருந்தாலே போதும். வகுப்போ 5! ஒரு வகுப்புக்கு பாடம் நடந்தால் மற்ற பிள்ளைகள் சும்மா உட்கார வேண்டியதுதான். 'போர்' அடிக்காமல் என்ன செய்யும்?

நடுவே 'எமிஸ்' பதிவு வேறு. மக்கள்தொகை கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர கல்வி சாராத வேலை தரக்கூடாது என்கிறது 27-வது பிரிவு. ஆனால் விவரம் ஏற்றுவது 'கல்விப்பணி' கணக்கில் போய்விடுகிறது.

வாத்தியாரும் சோர்ந்து போறார், பையனும் சோர்ந்து போறான். வகுப்புக்கு ஒரு ஆசிரியர், பதிவு வேலைக்கு தனி ஆள்... இதை செய்துவிட்டு அப்புறம் பசங்களை திட்டலாமே!